கந்தோருக்கு என்ன துடக்கு?

இடைவேளையிலை தேத்தண்ணி குடிக்கேக்கை மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு வந்த உங்களிலை ஒரு பிள்ளை என்னட்டை வந்து, "அன்ரி, அதிகாரியள் எங்கடை ஆக்களைக் கேவலமாக் கதைச்சால் அதையும் அப்பிடியே மொழிபெயர்க்கவேணுமோ?" எண்டு மெல்லமாக் கேட்டா. ஓம் எண்டு சொல்லிப்போட்டு மேடைக்கு வந்திட்டன். வெறும் ஓம் காணாது. ஏன் ஓம் எண்டு இப்ப சொல்லுறன். எனக்குத் தந்த தலைப்பு வேறை. அது உங்கடை பயிற்சிப் புத்தகத்திலை கிடக்கு, வீட்டை போய் வாசியுங்கோ.

நான் படிச்சு இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. எண்பத்தைஞ்சிலை ஸ்டுட்கார்ட்டுக்குக் கிட்ட ஒரு ஹைமிலை இருந்தனான். அகதியளை வைச்சிருக்கிற விடுதியை நாங்கள் ஹைம் எண்டுதான் சொல்லுறது. அது ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம், அறைக்கு ஒரு குடும்பம். கொழும்பிலை நான் ஒரு கொம்பனியிலை ரைப்பிஸ்ட், எனக்கு இங்கிலிஷ் நல்லா ஓடும். டொச், அதுதான் ஜேர்மன் பாசை, காலை வணக்கத்தோடை முடிஞ்சுது. எண்டாலும் ஆருக்கு எந்தக் கந்தோரிலை, எந்த அரசாங்க அலுவலகத்திலை, ரேர்மின் எண்டு வரச்சொல்லி நேரம் குடுத்தாலும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவினம். நான் தமிழை இங்கிலிஷ் ஆக்குவன். இங்கிலிஷை டொச் ஆக்க இன்னொரு ஆள் வேணும்.

அந்த ஆளைப் பற்றித்தான் சொல்லப்போறன். ஒரு தேவாலயம் நடத்தின ஆலோசனைக் கந்தோரிலை வேலை செய்த பொம்பிளை, என்னிலும் கொஞ்சம் வயது குறைவு. பேர் சொல்லமாட்டன். பேர் சொல்லிப் புகழுறது அவாக்குப் பிடிக்காது. கட்டையான ஆள், எங்கடை நிறம், கறுத்த அடர்த்தியான தலைமயிர். முதல் நாள் அவாவைக் கண்டவுடனை எங்கடை பெரியண்ணை, "பிள்ளைக்கு எந்த ஊர்?" எண்டு தமிழிலையே கேட்டிட்டார். பெரியண்ணை எண்டது ஊரிலை கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோரிலை கிளாக்கரா இருந்து வந்த மனுசன், ஹைமிலை எங்கள் எல்லாருக்கும் பெரியவர். நான் கேள்வியை இங்கிலிஷிலை சொன்னன். தான் ஒரு சிக்கானா எண்டு அவா சொன்னா. சிக்கானா எண்ட நாடு தென்னமெரிக்காவிலையோ ஆபிரிக்காவிலையோ எண்டு பெரியண்ணை அண்டு முழுக்க எல்லாரையும் கேட்டுத் திரிஞ்சார்.

அது நாடு இல்லை. அவா கலிபோர்னியாவிலை பிறந்தவா. தாய் தேப்பன் மெக்சிக்கோ வழி ஆக்கள், தோட்டங்களிலை கீரை, முந்திரிகை, அதுதான் திராட்சை, ஆயுற கூலியள். பள்ளிக்கூடத்திலை வீட்டுப் பாசையைக் கதைச்சால் அடி. மெக்சிக்கோவுக்குச் சொந்தக்காரரிட்டைப் போனால், உன்ரை ஸ்பானிஷ் உடைஞ்ச ஸ்பானிஷ் எண்டு சிரிப்பினமாம். அமெரிக்காக்காரர் எங்கை உன்ரை நாடு எண்டு கேப்பினமாம், அவாவின்ரை ஆக்கள் அந்த மண்ணிலை அவைக்கு முந்தியே இருந்தும். சிக்கானோ, பொம்பிளை எண்டால் சிக்கானா, அது முந்தி ஏளனமாச் சொல்லுற சொல்லாம். இளம் ஆக்கள் அதை எடுத்து, ஓம், நாங்கள் சிக்கானோதான், இப்ப என்ன எண்டு நிமிர்ந்து நிண்டிருக்கினம். எங்கடை பாசையைப் படிப்பி, எங்கடை சரித்திரத்தைப் படிப்பி எண்டு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியிலை இறங்கி நடந்த பிள்ளையளிலை தானும் ஒருத்தி எண்டு சொல்லுவா. அதைச் சொல்லேக்கை நாடி மேலை போகும்.

அமெரிக்க ஆமிக்காரன் ஒருத்தனைக் கட்டி ஸ்டுட்கார்ட் முகாமுக்கு வந்தவா. அவன் திரும்பிப் போயிட்டான், இவா போகேல்லை. இஞ்சை அவாவைத் துருக்கி எண்டு நினைச்சு றோட்டிலை ஏசினவங்கள் கனபேர். ஒருக்கால் நான் ஒரு கோப்பையிலை முந்திரிகைப்பழம் வைச்சுக் குடுத்தன். தள்ளி வைச்சா. உது இத்தாலிப் பழம், உங்கடை முதலாளிமாரின்ரை இல்லை எண்டன். தெரியும், ஆனால் கை போகுதில்லை எண்டா. கூலியளுக்கு நியாயம் கேட்டுச் சனம் அந்தப் பழத்தைத் தொடாமல் விட்ட காலத்திலை வளந்த பிள்ளையாம். உப்பிடி ஒரு பிடிவாதக்காரி.

நாங்கள் ரண்டுபேரும் சண்டையும் பிடிச்சிருக்கிறம். அந்த நேரம் இஞ்சை 'அசூலன்ற்', தஞ்சம் கேட்டு வந்தவன், எண்டால் ஒரு ஏச்சு. அந்தச் சொல்லையும் நீங்கள் எடுத்து நெத்தியிலை ஒட்டுங்கோவன் எண்டு அவா ஒருநாள் சொன்னா. எனக்குக் கோவம் வந்திட்டுது. எண்பத்திமூண்டுக் கலவரத்திலை கொழும்பிலை நான் பொட்டை அழிச்சுப்போட்டுத்தான் றோட்டிலை இறங்கினனான். தமிழ் எண்டு தெரிஞ்சால் உயிர் இல்லை. எங்களுக்குப் புதுப் பேர் ஒண்டும் வேண்டாம், இருக்கிற பேரை வெளியிலை சொல்லக் கிடைச்சால் காணும் எண்டு கத்திப்போட்டன். அவா கேட்டுக்கொண்டு இருந்திட்டு, அப்ப பொட்டை வை, பெரிசா வை எண்டா. அடுத்த ரேர்மினுக்கு நான் அப்பிடித்தான் போனன்.

இனி விசயத்துக்கு வாறன். ஹைமிலை ராஜி எண்டு ஒரு பிள்ளை, சிவத்தின்ரை மனுசி, ஒரு பெட்டைக் குழந்தையைப் பெத்து ஆஸ்பத்திரியாலை வந்திருந்தாள். ஹைமிலை சமைக்கக் கூடாது எண்டது சட்டம். சாப்பாடு வெளியிலையிருந்து தட்டுகளிலை வரும். அவிச்ச கோவா எண்ட முட்டைக்கோசு, பண்டி இறைச்சி, ஆறின உருளைக்கிழங்கு. பிள்ளை பெத்தவளுக்கு எங்கடை ஆக்கள் என்ன குடுக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியும். சரக்குக் கறி. சிவம் துருக்கிக்காரற்றை கடையிலை மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் வாங்கி, போத்திலாலை உருட்டித் தூளாக்கி, உள்ளி தட்டிப்போட்டு, அறைக்குள்ளை ஒரு கறன்ற் அடுப்பிலை வைச்சான். அந்த மாடி முழுக்கக் கறன்ற் போச்சு. காவலாளி வந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். அடுத்த கிழமை அவன் இன்னொரு அடுப்பு வாங்கினான். அதுவும் பிடிபட்டுது. பிள்ளைக்குப் பால் காணாமல் அழுகை, ராஜிக்கு அந்தக் கோவாவைக் கண்டாலே சத்தி, அவன் என்ன செய்வான் பாவம்?

கந்தோரிலையிருந்து அறிவிப்பு வந்துது. சிவத்தை மட்டும் தனிய, மாநிலத்தின்ரை மற்றத் தொங்கலிலை இருக்கிற ஹைமுக்கு மாத்தப் போகினம். அந்தக் காலம் அகதி தன்ரை மாவட்ட எல்லையைத் தாண்டேலாது. மாத்தினால் அவன் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கவும் அனுமதி எடுக்கவேணும், அனுமதியும் லேசிலை தரமாட்டினம். கடைசி முடிவுக்கு முன்னம் வந்து விளக்கம் சொல்லலாம் எண்டு ஒரு ரேர்மின் குடுத்திருந்தவை.

பெரியண்ணை எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைச்சார். சிவம் அவருக்குத் தம்பி முறை. தானும் சிவமும் போய்க் கையைக் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கிறது, அதுதான் வழி எண்டார். தங்கவிட்டுச் சோறு போடுறவனோடை என்னண்டு மல்லுக்கட்டுறது எண்டும் கேட்டார். கன தலையள் ஆடிச்சுது. கூட்டத்துக்கு வந்திருந்த சிக்கானாக்காரிக்கு நான் நடந்த கதையை இங்கிலிஷிலை சொல்லிக்கொண்டிருந்தன். சாப்பிட ஏலாமல் இருக்கிறது ஆர் எண்டு அவா கேட்டா. ராஜி எண்டன். அப்ப ராஜி ஏன் போகேல்லை எண்டா.

பெரியண்ணைக்கு முகம் கோணிப்போச்சு. பிள்ளை பெத்தவள், துடக்கு, அந்தத் தீட்டு, இன்னும் கழியேல்லை, வாசல் தாண்டுறதோ? உவவுக்கு எங்கடை முறை என்ன தெரியும் எண்டார். நானும் அவா இப்ப ஏதும் ஏறுமாறாச் சொல்லப்போறா எண்டு பயந்தன். அவா சொல்லேல்லை. உங்கடை முறையைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் அந்தப் பிள்ளையை ஆரும் கேட்டீங்களோ எண்டு மட்டும் கேட்டா. ஒருத்தரும் கேக்கேல்லை. நான் எழும்பிப் போய்க் கேட்டன். ராஜி பிள்ளையைத் துடைச்சுக்கொண்டிருந்தாள், நிமிரவும் இல்லை.

"துடக்கு கோயிலுக்கு அக்கா. கந்தோருக்கு என்ன துடக்கு?" எண்டாள்.

அதை நான் வந்து கூட்டத்திலை சொன்ன உடனை பொம்பிளையள் பக்கம் ஒரே சிரிப்பு. அப்ப நாங்களும் வாறம் எண்டு எழும்பிச்சினம். தங்கடை மத்தியானச் சாப்பாட்டுத் தட்டையும் தொடாமல் அப்பிடியே கொண்டு வரப்போறம் எண்டதும் அவையின்ரை யோசினைதான். சிக்கானாக்காரி சொன்னது ஒண்டே ஒண்டு: தோட்டத்து வேலை நிறுத்தங்களிலை தாங்கள் ஒருத்தரையும் முதலாளியிட்டைத் தனிய விடுறேல்லையாம்.

ரேர்மினுக்குப் போற பஸ்ஸிலை அவா எனக்குப் பக்கத்திலை இருந்தா. பெரியண்ணை வெளிக்கிடேக்கை, "தங்கச்சி, அவை ஏதும் கடுமையாச் சொன்னால் ராஜிக்குச் சொல்லாதையும், பச்சை உடம்புக்காரி. ராஜி கடுமையாச் சொன்னால் அவைக்குப் பதமாச் சொல்லும்" எண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டார். அதை அவாட்டைச் சொன்னன். எங்கடை பெரியண்ணை நல்லாத்தானே சொல்லுறார், நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டன். அதுக்கு அவா ஒரு கதை சொன்னா.

சின்னப்பிள்ளையா இருக்கேக்கை தாய்க்கு அவாதான் மொழிபெயர்ப்பு. தோட்டத்திலை பொம்பிளையளுக்கு ஒதுங்க ஒரு இடமும் இல்லை. தாய் மற்றப் பொம்பிளையளுக்காகவும் சேர்த்து மேற்பார்வைக்காரனிட்டைக் கேக்கப் போயிருக்கிறா. மிருகங்கள் எங்கை போகுதோ அங்கை போகச்சொல்லு எண்டிருக்கிறான் அவன். தாய்க்கு நோகும் எண்டு பயந்து, பாப்பம் எண்டு சொல்லுறார் அம்மா எண்டு பிள்ளை மாத்திச் சொல்லிப்போட்டுது. தாய் சிரிச்சுக்கொண்டு அவனுக்கு நன்றி சொன்னாவாம். அடுத்த கிழமையும் போய் நன்றி சொன்னாவாம், அந்த முறை இங்கிலிஷிலை, மகளிட்டைக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு.

அவன் என்ரை அம்மாவை ஏசினது எனக்கு மறந்துபோம், அவனுக்கு அம்மா சொன்ன நன்றிதான் இண்டைக்கும் காதிலை கேக்குது எண்டா அவா. "அறைக்குள்ளை சொல்லுறது எல்லாம் அந்த அறையிலை இருக்கிற எல்லாருக்கும் சொந்தம். அதிலை ஒரு சொல்லை மறைக்க நீயும் நானும் ஆர்?"

பஸ் நிண்டுது, இறங்கினம்.

அதிகாரி ஒரு படிச்ச, மெல்லமாக் கதைக்கிற மனுசன். கத்துற ஆக்களோடை எங்கடை தொழில் சுகம், பிள்ளையள், இப்பிடியான ஆக்களோடைதான் கஷ்டம். மேசையிலை மனுசியும் ரண்டு பிள்ளையளும் நிக்கிற படம். பொம்பிளையளை நடையிலை நிக்கச் சொல்லிப்போட்டு, சிவம், ராஜி, பெரியண்ணை, நாங்கள் ரண்டுபேர், அவ்வளவு பேரையும் உள்ளை விட்டார். சிவம் எழும்பி நிண்டு, பெரியண்ணை சொல்லிக் குடுத்தபடி மன்னிப்புக் கேட்டான். கண் கலங்கிப்போச்சு அவனுக்கு. நான் அப்பிடியே சொன்னன், அவா அப்பிடியே சொன்னா. அதிகாரி தலையாட்டி, மன்னிப்பை ஏற்றுக்கொள்ளுறன், மாற்றத்திலை மாற்றமில்லை எண்டார். பெரியண்ணையின்ரை திட்டம் அந்த இடத்திலை முடிஞ்சுது.

அப்ப ராஜி வாய் திறந்தாள். தன்ரை உடம்பு அந்தச் சாப்பாட்டை ஏற்குதில்லை, பிள்ளைக்குப் பால் காணுதில்லை, அதுக்குத்தான் இவர் சமைச்சவர் எண்டு மரியாதையாத்தான் சொன்னாள். அதிகாரி அவளைப் பாக்கேல்லை. சிக்கானாக்காரியைப் பாத்து, குரலும் உயர்த்தாமல், ஏதோ சொன்னார். அவா என்ரை பக்கம் திரும்பினா. முகத்திலை ஒண்டும் இல்லை. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலிஷிலை சொன்னா:

"இவையை இஞ்சை ஆரும் கூப்பிடேல்லை. பிள்ளை பெறத் தெரியுது, போடுறதைத் தின்னத் தெரியேல்லையோ? பிடிக்காட்டி வந்த இடத்துக்குப் போகலாம்."

பெரியண்ணை கச்சேரிக் கிளாக்கரெல்லோ, இங்கிலிஷ் கேட்டால் விளங்கும். "சொல்லாதையும் தங்கச்சி" எண்டார் எனக்கு. ராஜி என்ரை முகத்தைப் பாக்கிறாள். வெளிறின முகம், மடியிலை அந்தச் சின்னன். யோசிச்சுச் சொல்லுவம் எண்டார் எண்டு ஒரு வசனம் நாக்கு நுனியிலை வந்து நிக்குது. சொன்னால் அந்த அறையிலை எவருக்கும் நட்டமில்லை மாதிரித்தான் இருந்துது. அதுக்குள்ளை அதிகாரி, அந்தப் பெரியவர் என்ன சொல்லுறார் எண்டு கேட்டார்.

துணிவு எங்கையிருந்து வந்துதோ தெரியாது, நான் நிமிர்ந்து இருந்து அதையும் மொழிபெயர்த்தன். "நீங்கள் சொன்னதை இந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னைக் கேக்கிறார்" எண்டன். அவா அதை டொச்சிலை சொல்லி முடிக்க, அந்த மனுசனுக்குக் காது சிவந்துது. தான் சொன்னது மறைக்கவேண்டிய ஒரு சொல் எண்டு அப்பத்தான் அவருக்கு விளங்கினது. பிறகு நான் ராஜியிட்டைத் திரும்பி, அவர் சொன்ன முழுவதையும் தமிழிலை சொன்னன். 'தின்ன' எண்டதை 'சாப்பிட' எண்டு கூட மாத்தேல்லை. சொல்லேக்கை எனக்கு அழுகை வந்துது, ஆனால் சொன்னன்.

ராஜி அழேல்லை. பிள்ளையை மற்றக் கைக்கு மாத்தினாள். மேசையிலை இருந்த படத்தைப் பாத்தாள்.

"அவரிட்டைக் கேளுங்கோ அக்கா. அவற்றை மனுசி பிள்ளை பெத்த நேரம் அவாக்கு ஆர் சமைச்சுக் குடுத்தது?"

கேட்டம். ரண்டு பாசை தாண்டி அந்தக் கேள்வி சூடு ஆறாமல் போய்ச் சேர்ந்துது. அது இதுக்குச் சம்பந்தமில்லாத விசயம் எண்டார் அவர். அதையும் அவளுக்குச் சொன்னன்.

"என்ரை அம்மா யாழ்ப்பாணத்திலை. எனக்குச் சமைக்க இஞ்சை இருக்கிற ஒரே ஆள் என்ரை மனுசன். அவரை அனுப்புறதெண்டால் அனுப்பட்டும். நாளையிலையிருந்து நான் பிள்ளையோடை இந்தக் கதிரையிலை வந்து இருக்கிறன். இந்த ஐயா எனக்குச் சமைச்சுத் தரட்டும்."

சொல்லிப்போட்டு எழும்பாமல் இருந்தாள். பெரியண்ணை நெத்தியிலை கையை வைச்சிட்டார். அதிகாரி ஆரையோ கூப்பிடக் கதவைத் திறந்தார். நடை முழுக்கப் பொம்பிளையள், கையிலை தட்டுகள், கோவா மணம் அந்த மாடி முழுக்க. மற்ற அறையளிலை வேலை செய்யிறவை எல்லாம் வெளியிலை வந்து, என்ன நடக்குது எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். சிக்கானாக்காரி கந்தோரிலை வேலை செய்யிற ஒரு பொம்பிளைக்கு அந்தத் தட்டு எதுக்கெண்டு வடிவா, ஆறுதலா விளங்கப்படுத்தினா. அதிகாரி கதவைச் சாத்திப்போட்டு மேலிடத்துக்குப் போன் எடுத்தார். கனநேரம் கதைச்சார். மாற்றம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்படுகுது எண்டு சொன்னார். அந்த 'இப்போதைக்கு' பிறகு முடியவே இல்லை.

கொஞ்ச நாளிலை ஹைமின்ரை உடுப்புத் தோய்க்கிற அறையிலை ஒரு அடுப்புப் பூட்டிச்சினம், பிள்ளை பெத்த தாய்மாருக்கு மட்டும் எண்டு. எங்கடை சனத்தைத் தெரியும்தானே, அண்டு தொடக்கம் ஹைம் முழுக்கத் தாய்மார்தான். மீசை வைச்ச தாய்மாரும் வந்து புட்டு அவிச்சவை. கந்தோர்க்காரர் தேவாலயத்துக்கு, இனிக் கொஞ்சம் அமைதியான மொழிபெயர்ப்பாளரை அனுப்புங்கோ எண்டு சொல்லி அனுப்பினவை. அதைச் சொல்லிச் சொல்லி அவா கண்ணிலை தண்ணி வரச் சிரிச்சா. அனுப்ப வேறை ஆள் இல்லை, நாங்கள்தான் திரும்பவும் போனனாங்கள்.

அண்டைக்குக் கந்தோரை விட்டு வெளியிலை வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்கை பெரியண்ணைக்கு இன்னும் கோவம் ஆறேல்லை. கெட்ட மனுசன் இல்லை அவர், எங்களுக்காகத்தான் பயந்தவர். "பிள்ளை, அந்தச் சொல்லை இந்தப் பச்சை உடம்போடை நீர் கேட்டிருக்கக் கூடாது. இந்த அக்காவுக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்" எண்டார் ராஜியைப் பாத்து.

"இல்லைப் பெரியண்ணை. அதைக் கேட்டபடியால்தான் எனக்குக் கதை வந்தது. அக்கா மறைச்சிருந்தால் நான் இவரை அனுப்பிப்போட்டெல்லோ வந்திருப்பன்."

சிவம் அவளிட்டையிருந்து பிள்ளையை வாங்கினான். ராஜி என்ன சொன்னவள் எண்டு சிக்கானாக்காரி என்னட்டைக் கேட்டா. இங்கிலிஷிலை சொன்னன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னா. இன்னொருக்காலும் சொன்னன்.